இரத்தக் குழாயின் வாசற் கதவுகள்

(குடும்ப நலப் பிரசுர வரிசை. கிராமத் தம்பதியர் கூட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் ஆற்றிய உரை.)



வேலை நாளில் கணவனும் மனைவியுமாகச் சேர்ந்து வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அதுவே எங்களுக்குப் பெரிய சந்தோஷம்.

குடும்ப நலக் கூட்டம் என்றால் பிரசவம், தடுப்பூசி, குழந்தைகளுக்கு இடைவெளி, கருத்தடை இவற்றைப் பற்றித்தான் பேசுவார்கள் என்று நினைத்திருப்பீர்கள். அவை எல்லாம் அவசியமானவை. ஆனால் அளவாகக் குழந்தை பெற்று, நல்லபடியாக வளர்த்துவரும் வேளையில், குடும்பத்தைத் தாங்குகிறவர் நாற்பது வயதில் மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டால் அந்தக் குடும்பத்தின் நலம் என்னாவது? சில குடும்பங்களில் தாத்தா, அப்பா, சித்தப்பா என்று வரிசையாக இளவயதில் போய்விடுவார்கள். "அந்த வம்சத்துக்கு ஆயுசு கெட்டியில்லை" என்று ஊரார் சொல்வார்கள். சில வீடுகளில் "மருமகள் வந்த நேரம்" என்று அந்தப் பெண்ணின் தலையில் பழியைப் போடுவார்கள்.

இதற்குக் காரணம் நேரமும் இல்லை, ஜாதகமும் இல்லை. பல குடும்பங்களில் காரணம் இரத்தக் கொழுப்பு. அந்தக் கொழுப்பை உள்ளே வாங்கும் கதவுகள் நம் உடம்பில் எப்படித் திறக்கின்றன, எப்படி மூடுகின்றன என்பதைத்தான் இன்று சொல்லப் போகிறேன். இதைத் தெரிந்துகொண்டால், நம் கையில் இருப்பது எது, பெற்றோர் வழியாக வருவது எது என்று பிரித்துப் பார்க்கலாம். இரண்டுக்கும் இன்று வழி இருக்கிறது.

கொழுப்பு பகை அல்ல

கொலஸ்ட்ரால் என்ற பெயரைக் கேட்டாலே பலர் பயப்படுகிறார்கள். அது விஷம் அல்ல. உடம்பு என்பது கோடிக்கணக்கான செல்களால் ஆனது. செல் என்பது கண்ணுக்குத் தெரியாத சின்ன வீடு மாதிரி. அந்த வீட்டுக்குச் சுவர் எழுப்பக் கொலஸ்ட்ரால் வேண்டும். உணவு செரிக்கப் பித்தநீர் ஊற வேண்டும் என்றால் கொலஸ்ட்ரால் வேண்டும். ஆணை ஆணாகவும் பெண்ணைப் பெண்ணாகவும் வளர்க்கும் சுரப்பு நீர்களுக்கும் அது வேண்டும். வயிற்றுப் பிள்ளை வளரவும் வேண்டும். ஆகவே நாம் ஒரு துளி நெய் சாப்பிடாவிட்டாலும் உடம்பு தானே கொலஸ்ட்ராலைத் தயாரித்துக்கொள்ளும்.

எண்ணெய் தண்ணீரில் கரையாது அல்லவா? அதுபோலக் கொலஸ்ட்ராலும் இரத்தத்தில் கரையாது. அதனால் வண்டியில் ஏற்றித்தான் அனுப்ப வேண்டும். அந்த வண்டிகளில் முக்கியமானது எல்.டி.எல். ஒரு வண்டியில் சுமார் 1500 கொலஸ்ட்ரால் மூலக்கூறுகள் ஏறிச் செல்கின்றன. இந்த வண்டி தேவைக்கு மேல் பெருகித் தெருவில் நின்றுவிட்டால் கெடுதல். அதனால்தான் 'கெட்ட கொலஸ்ட்ரால்' என்று இதைச் சொல்கிறோம்.

குதிரும் வீட்டுக்காரியும்

இரத்தக் குழாயை ஒரு தெரு என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்.டி.எல். நெல் வண்டி. செல் ஒரு வீடு. வீட்டுக்குள் குதிர் இருக்கிறது. குதிரில் நெல் குறைந்தால் வீட்டுக்காரி என்ன செய்வாள்? கதவைத் திறந்து வண்டிக்காரரைக் கூப்பிடுவாள். குதிர் நிறைந்துவிட்டால் "போதும் அண்ணே" என்று சொல்லிக் கதவைச் சாத்துவாள்.

நம் செல்களும் இதையேதான் செய்கின்றன. செல்லின் மேற்புறத்தில் எல்.டி.எல். வண்டியை மட்டும் அடையாளம் கண்டு உள்ளே இழுக்கும் கதவுகள் இருக்கின்றன. 'ஏற்பி' என்று அதற்குப் பெயர். ஒவ்வொரு கதவும் ஏறக்குறைய 10 நிமிடத்துக்கு ஒருமுறை உள்ளே போய்ச் சரக்கை இறக்கிவிட்டு மேலே வருகிறது. அதன் ஆயுள் ஒரு நாளுக்கும் குறைவுதான். ஆகவே செல் புதுப்புதுக் கதவுகளைச் செய்துகொண்டே இருக்க வேண்டும்.

கதவு செய்யும் முறை எங்கே எழுதியிருக்கிறது? மரபணுவில் எழுதியிருக்கிறது. மரபணு என்பது நம் தாய் தகப்பன் எழுதிக் கொடுத்த குறிப்பேடு மாதிரி. எல்லாச் செல்லிலும் அதே குறிப்பேடுதான். ஆனால் எந்தச் செல் எப்போது எந்தப் பக்கத்தைப் புரட்டிப் படிக்கிறது என்பதில்தான் வித்தியாசம். செல்லுக்குள் கொலஸ்ட்ரால் குறைந்ததும் ஒரு புரதம் விடுபட்டு, குறிப்பேடு இருக்கும் செல்லின் உட்கருவுக்குப் போய், "கதவு செய்யும் பக்கத்தைப் படி" என்று சொல்கிறது. அதுதான் நம் கதையில் வரும் வீட்டுக்காரி. குதிர் நிறைந்திருந்தால் அவள் போகமாட்டாள், பக்கம் படிக்கப்படாது, கதவும் குறையும்.

உடம்பில் இந்தக் கதவு அதிகமாக இருக்கும் இடம் கல்லீரல். இரத்தத்தில் சுற்றும் எல்.டி.எல்.-இல் பெரும்பங்கைப் பிடித்து அகற்றுவது அதுதான். கல்லீரலின் கதவுகள் சரியாகத் திறந்திருக்கும்வரை தெருவில் நெரிசல் இல்லை.

குழாயின் உட்சுவர் ஒரு காவல்

இப்போது இரத்தக் குழாயின் உட்சுவருக்கு வருவோம். இது வெறும் ரப்பர்க் குழாய் இல்லை. உள்ளே ஒரே ஒரு வரிசைச் செல்கள், பாய் விரித்தாற்போல், ஓரத்தோடு ஓரம் ஒட்டிப் படிந்திருக்கின்றன. அவ்வளவு மெல்லியது. ஆனால் அது உயிருள்ள காவல்.

அமெரிக்காவில் ராபர்ட் ஃபர்ச்காட் என்ற விஞ்ஞானி முயலின் இரத்தக் குழாயை வைத்துச் செய்த சோதனையை 1980-இல் வெளியிட்டார். உட்சுவர் கெடாத குழாய்க்கு ஒரு மருந்தைக் கொடுத்தால் அது இளகி விரிந்தது. உட்சுவரைத் தேய்த்து எடுத்துவிட்டால் அதே மருந்துக்கு இளகவில்லை. குழாயை இளக்குகிற பொருள் உட்சுவரிலிருந்து வருகிறது என்று இதனால் தெரிந்தது. அது நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு என்று பிறகு கண்டார்கள். இந்த ஆராய்ச்சிகளுக்கு 1998-இல் நோபல் பரிசு அவர் உட்பட மூவருக்குக் கிடைத்தது.

இந்தப் பாய் அமைதியாக, நெருக்கமாக இருக்கும்வரை அதன் செல்களுக்குக் கொலஸ்ட்ரால் அதிகம் தேவையில்லை. மாட்டின் பெருந்தமனியிலிருந்து எடுத்து வளர்த்த செல்களை 1978-இல் ஆராய்ந்தார்கள். இடைவெளி விட்டுப் பரவி வளரும்போது அந்தச் செல்கள் எல்.டி.எல்.-ஐ நிறைய உள்ளே இழுத்தன. நெருக்கமாகச் சேர்ந்து பாய் முழுமையானதும் இழுப்பதை வெகுவாகக் குறைத்துக்கொண்டன. தனக்கு வேண்டிய அளவு தெரிந்த காவல்காரன் இது.

அப்படியானால் குழாய்ச் சுவருக்குள் கொழுப்பு எப்படிப் போகிறது? இங்கேதான் வேறு கதவுகள் வருகின்றன.

ஒரு கதவு, எல்.டி.எல். வண்டியைப் பிரிக்காமல் முழுசாக வாங்கி, பின்பக்கம் வழியாகச் சுவருக்குள் தள்ளிவிடுகிறது. அந்தக் கதவின் பெயர் எஸ்.ஆர்.-பி.1. இந்த விவரம் எலிகளைக் கொண்டு செய்த ஆராய்ச்சியில் 2019-இல் வெளிவந்தது. தெருவில் வண்டி கூடக் கூட, இப்படிப் பின்பக்கம் போகிற சரக்கும் கூடுகிறது.

மூடத் தெரியாத கதவு

சுவருக்குள் போய்த் தங்கிய கொழுப்பு நாளாவட்டத்தில் கெட்டுப்போகிறது. பழைய எண்ணெய் சிக்கு வாடை அடிக்கிறதே, கிட்டத்தட்ட அதே மாதிரி மாற்றம். இப்படிக் கெட்ட எல்.டி.எல்.-ஐ வாங்க உட்சுவர்ச் செல்லில் இன்னொரு கதவு இருக்கிறது. 1997-இல் ஜப்பான் ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்து 'லாக்ஸ்-1' என்று பெயரிட்டார்கள்.

முதலில் சொன்ன நல்ல கதவுக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம். இதைக் கவனமாகக் கேளுங்கள். நல்ல கதவு, உள்ளே நிறைந்தால் தானே குறையும். லாக்ஸ்-1 அப்படி இல்லை. கெட்ட கொழுப்பு வர வர, அதன் மரபணு இன்னும் அதிகமாகப் படிக்கப்படுகிறது. கதவு கூடுகிறது. கதவு கூடினால் இன்னும் கெட்ட கொழுப்பு உள்ளே வருகிறது. குடிக்கக் குடிக்கத் தாகம் கூடுகிற மாதிரி.

இந்தக் கதவு வேலை செய்யத் தொடங்கினால் குழாயை இளக்கும் நைட்ரிக் ஆக்சைடு குறைகிறது. உட்சுவரின் மேல் பசை போன்ற புரதங்கள் முளைத்து, இரத்தத்தின் வெள்ளை அணுக்களைப் பிடித்து உள்ளே இழுக்கின்றன. அவை கொழுப்பை விழுங்கி வீங்கி அங்கேயே தங்குகின்றன. வருஷக் கணக்கில் மேடு தட்டுகிறது. ஒரு நாள் மேடு வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைந்து குழாயை அடைத்துக்கொள்கிறது. இருதயத்தின் குழாய் அடைத்தால் மாரடைப்பு. மூளையின் குழாய் அடைத்தால் பக்கவாதம்.

லாக்ஸ்-1 மரபணுவை வேறு எவை தூண்டுகின்றன? இரத்தக் கொதிப்பில் மிகுதியாக வேலை செய்யும் ஆஞ்சியோடென்சின் என்ற பொருள் தூண்டுகிறது. இரத்தத்தில் மிஞ்சும் சர்க்கரை தூண்டுகிறது. உடம்பில் ஓயாமல் இருக்கும் அழற்சி தூண்டுகிறது. பீடி, சிகரெட் புகை கொழுப்பைச் சீக்கிரம் கெடுத்து இதற்குத் தீனி போடுகிறது. இதனால்தான் கொதிப்பும் சர்க்கரையும் புகையும் கொழுப்பும் ஒன்று சேரும்போது ஆபத்து பல மடங்காகிறது.

விவசாயிகளுக்கு ஒரு விஷயம் சொல்லாமலே விளங்கும். நேர் வாய்க்காலில் தண்ணீர் சுத்தமாக ஓடும். வாய்க்கால் பிரியும் இடத்தில் தண்ணீர் சுழித்து வண்டல் படியும். இரத்தக் குழாயிலும் கொழுப்பு மேடு அதிகமாகத் தோன்றுவது கிளை பிரியும் இடத்திலும் வளைவிலும்தான். இரத்தம் ஒரே சீராக ஓடும் இடத்தில் உட்சுவர்ச் செல்கள் அந்த ஓட்டத்தை உணர்ந்து, தம்மைக் காக்கும் மரபணுக்களைப் படிக்கின்றன. சுழிப்பு உள்ள இடத்தில் அவை சரியாகப் படிக்கப்படுவதில்லை. தினமும் சுறுசுறுப்பாக நடந்தால் நல்லது என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். நடக்கும்போது இரத்தம் விரைந்து சீராக ஓடி, உட்சுவரைத் தடவிக் கொடுக்கிறது.

பிறவியிலேயே கதவு குறைந்தவர்கள்

இனி, பெற்றோர் வழியாக வருவதைப் பார்ப்போம்.

1973-இல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் என்ற இரண்டு டாக்டர்கள், பிறவியிலேயே கொலஸ்ட்ரால் மிக அதிகமாக இருந்த பிள்ளைகளின் தோல் செல்களை வளர்த்துப் பார்த்தார்கள். சாதாரண மனிதரின் செல்லுக்கு எல்.டி.எல்.-ஐக் கொடுத்ததும், அது சொந்தமாகக் கொலஸ்ட்ரால் தயாரிப்பதை நிறுத்திக்கொண்டது. இந்தப் பிள்ளைகளின் செல் நிறுத்தவே இல்லை. ஏன்? கதவே இல்லாததால் வெளியே வண்டி நிற்பது உள்ளே தெரியவில்லை! இப்படித்தான் எல்.டி.எல். கதவு கண்டுபிடிக்கப்பட்டது. இருவருக்கும் 1985-இல் நோபல் பரிசு கிடைத்தது.

கதவு செய்யும் குறிப்பு நம்மிடம் இரண்டு பிரதி இருக்கிறது. ஒன்று அப்பா தந்தது, ஒன்று அம்மா தந்தது. ஒரு பிரதியில் பிழை இருந்தால் கதவுகள் ஏறக்குறைய பாதியாகிவிடும். இப்படிப்பட்டவர்கள் சுமார் 300 பேருக்கு ஒருவர் இருப்பதாகப் பல நாட்டுக் கணக்குகள் காட்டுகின்றன. இவர்களுக்கு எல்.டி.எல். அளவு பெரும்பாலும் 190-க்கு மேல் இருக்கும். சிகிச்சை செய்யாவிட்டால் ஆண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு 50 வயதுக்குள் இருதய நோய் வந்துவிடும்.

இரண்டு பிரதியிலும் பிழை இருந்தால் மிகவும் கடுமை. எல்.டி.எல். 400, 500 என்று ஏறிவிடும். குழந்தைப் பருவத்திலேயே முட்டி, முழங்கை, பிட்டம், குதிகால் இவற்றில் மஞ்சள் நிறத் தடிப்புகள் தோன்றும். மரு என்று நினைத்துச் சுட்டுவிடுவார்கள், களிம்பு தடவுவார்கள். பத்துப் பதினைந்து வயதில் மாரடைப்பு வரக்கூடும். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் 1984-இல் இப்படிப்பட்ட ஆறு வயதுச் சிறுமிக்குப் புது இருதயமும் புதுக் கல்லீரலும் சேர்த்து வைத்தார்கள். புதுக் கல்லீரலில் கதவுகள் இருந்ததால் கொலஸ்ட்ரால் வெகுவாக இறங்கியது. கதவின் வேலை எவ்வளவு பெரியது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

சொந்தத்தில் திருமணம்

இரண்டு பிரதியும் பழுதான பிள்ளை பிறக்க வேண்டுமானால் தாய், தகப்பன் இருவரிடமும் பிழை இருக்க வேண்டும். அன்னியத்தில் மணந்தால் இது அபூர்வம். சொந்தத்தில் மணந்தால் வாய்ப்பு கூடுகிறது. லெபனான் நாட்டில் உறவுக்குள் மணம் முடித்த குடும்பங்களை ஆராய்ந்துதான், இந்த நோய் பரம்பரையாக இறங்கும் விதத்தை 1964-இல் டாக்டர் கச்சதுரியன் தெளிவாகக் காட்டினார். நம் தமிழ்நாட்டிலும் திருமணங்களில் நாலில் ஒன்றுக்கு மேல் உறவுக்குள் நடப்பதாக 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு காட்டியது.

கணக்கைக் கேளுங்கள். ஒருவருக்கு இந்தப் பிழை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் அன்னியத்தில் பெண் எடுத்தால், அந்தப் பெண்ணுக்கும் இருக்க வாய்ப்பு சுமார் 300-இல் ஒன்று. மாமன் மகளையோ அத்தை மகளையோ எடுத்தால் 8-இல் ஒன்று. அக்கா மகளை எடுத்தால் 4-இல் ஒன்று. கணவன், மனைவி இருவருக்கும் பிழை இருந்துவிட்டால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இரண்டு பிரதியும் பழுதாக இறங்க 4-இல் ஒரு வாய்ப்பு.

ஏற்கெனவே சொந்தத்தில் மணந்தவர்கள் கலங்க வேண்டாம். அப்படி மணந்தவர்களின் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் நன்றாகவே இருக்கிறார்கள். நாங்கள் சொல்வது இவ்வளவுதான்: குடும்பத்தில் இளவயது மாரடைப்பு இருந்தால் இருவரும் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இனி பிள்ளைகளுக்கு வரன் பார்க்கும்போது, சொத்து வெளியே போகக்கூடாது என்று பார்ப்பதோடு இதையும் நினைத்துப் பாருங்கள்.

பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தப் பிழை அப்பா வழியாகவும் வரும், அம்மா வழியாகவும் வரும். ஆணுக்கும் வரும், பெண்ணுக்கும் வரும். ஆகவே எந்த மருமகளையும் இதற்காகக் குறை சொல்லக் கூடாது.

கதவைக் கூட்டும் மாத்திரை

ஜப்பானில் விவசாயக் குடும்பத்தில் பிறந்த அகிரா எண்டோ என்ற விஞ்ஞானி, கொலஸ்ட்ரால் தயாரிப்பைத் தடுக்கும் பொருளைத் தேடி ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பூஞ்சை முதலான நுண்ணுயிர்களைச் சோதித்தார். 1973-இல், கியோட்டோ நகரத் தானியக் கடை அரிசியில் கிடைத்த நீலப்பச்சைப் பூஞ்சையில் அது கிடைத்தது. அதே வகை மருந்துகளை இன்று 'ஸ்டாட்டின்' என்கிறோம். முதல் ஸ்டாட்டின் மாத்திரை 1987-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

மாத்திரை செய்வது என்ன? கல்லீரல் சொந்தமாகக் கொலஸ்ட்ரால் தயாரிப்பதைக் குறைக்கிறது. குதிர் குறைகிறது. வீட்டுக்காரி பதறிப்போய்க் கதவு செய்யும் பக்கத்தைப் படிக்கச் சொல்கிறாள். புதுக் கதவுகள் முளைத்து, தெருவில் நிற்கும் வண்டிகளை உள்ளே இழுத்துவிடுகின்றன. ஒரு பிரதி கெட்டவருக்கு மற்றொரு பிரதி நன்றாக இருப்பதால், அதை அதிகமாகப் படிக்க வைத்துப் பெரும் பலன் பெறலாம். இரண்டு பிரதியும் கெட்டவர்களுக்கு மாத்திரை மட்டும் போதாது. அவர்களைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பி வேறு சிகிச்சைகளும் சேர்த்துச் செய்ய வேண்டும்.

சாப்பாட்டிலும் இதே வழி இருக்கிறது. வனஸ்பதி, நெய், பாமாயில், ஆட்டுக் கொழுப்பு இவற்றில் உள்ள உறையும் கொழுப்பு மிகுந்தால் கல்லீரலின் கதவுகள் குறைகின்றன. கொத்தவரங்காய், வெண்டைக்காய், பயறு, அவரை, கேழ்வரகு, கம்பு இவற்றின் நார்ச்சத்து, குடலில் பித்தநீரைப் பிடித்து மலத்தோடு வெளியேற்றுகிறது. இழந்த பித்தநீரை மறுபடி தயாரிக்கக் கல்லீரலுக்குக் கொலஸ்ட்ரால் தேவைப்படுவதால், அது கதவுகளைக் கூட்டுகிறது. நம் தோட்டத்துக் காயே பாதி மருந்து.

நீங்கள் கேட்ட கேள்விகள்

ஒரு தம்பி கேட்டார்: "நான் தினம் வயல்ல பாடுபடறேன், ஒல்லியாத்தான் இருக்கேன். கொழுப்பெல்லாம் பட்டணத்துக்காரங்களுக்குத்தானே டாக்டரம்மா?"

உழைப்பு ரொம்ப நல்லது தம்பி. ஆனா கதவு பாதியாப் பிறந்தவருக்கு உடம்பு ஒல்லியா இருந்தாலும் இரத்தத்தில் கொழுப்பு இருக்கும். உடம்பைப் பார்த்துச் சொல்ல முடியாது, இரத்தத்தைப் பார்த்துத்தான் சொல்லணும். மடியில பீடிக்கட்டு இருக்குதே, அதை முதல்ல விடுங்க. அந்தப் புகையை உங்க சம்சாரமும் குழந்தையும் சேர்ந்துதான் குடிக்கிறாங்க.

ஒரு தங்கை தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "எங்க மாமனாரு 42 வயசுல நெஞ்சுவலி வந்து போயிட்டாரு. பெரிய மச்சானுக்கும் 38-ல வந்துச்சு. அவரு எனக்கு அத்தை மகன்தான். எம் புள்ளைக்கும் வருமா?"

வரும்னு விதிச்சுடல அம்மா. முதல்ல உங்க வீட்டுக்காரருக்கும் உங்களுக்கும் பார்ப்போம். அவருக்கு மட்டும் இருந்தா, பிள்ளைக்கு வர இரண்டில் ஒரு வாய்ப்பு. வராமல் போகவும் அதே இரண்டில் ஒன்று. பிள்ளைக்கும் பார்த்துடலாம். இருந்தாலும் பயமில்லை. எட்டு முதல் பத்து வயதில் டாக்டர் மேற்பார்வையில் மாத்திரை தொடங்கலாம். சிறு வயசிலேயே கண்டுபிடிச்சா, அவங்க தாத்தாவுக்குக் கிடைக்காத ஆயுசை இவனுக்குக் கொடுக்கலாம். ரெண்டு பேருக்குமே இருந்தா, குழந்தையை ஒரு நாளும் தாமதிக்காமக் கொண்டு வரணும்.

இன்னொருவர் கேட்டார்: "மாத்திரையை ஆரம்பிச்சா ஆயுசு பூராவும் சாப்பிடணுமாமே?"

பிறவியில் கதவு குறைந்தவர் தொடர்ந்துதான் சாப்பிட வேண்டும். மாத்திரையை நிறுத்தினால் குதிர் மறுபடி நிறையும், கதவு மறுபடி குறையும். 'அளவு இறங்கிவிட்டது, இனி எதற்கு' என்று நிறுத்துவது தவறு. இறங்கியதே மாத்திரையால்தான். கை கால் தசை வலி அதிகமாக இருந்தால் எங்களிடம் சொல்லுங்கள். மருந்தையோ அளவையோ மாற்றலாம்.

தாய்மார்கள் கவனிக்க: இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் குழந்தை பெற நினைக்கும்போதே டாக்டரிடம் சொல்ல வேண்டும். கர்ப்ப காலத்தில் பெரும்பாலும் அதை நிறுத்தி வைப்பார்கள். நீங்களாக முடிவு செய்ய வேண்டாம். கொழுப்பு மிக அதிகம் உள்ளவர்கள் கருத்தடை மாத்திரை தொடங்கும் முன்னும் அதைச் சொல்லிவிடுங்கள். ஏற்ற முறையை நாங்கள் தேர்ந்து கொடுப்போம்.

வீட்டுக்குப் போய்ச் செய்ய வேண்டியவை

1. இன்று இரவே கணவனும் மனைவியும் உட்கார்ந்து இரு வீட்டுப் பெரியவர்களையும் நினைத்துப் பாருங்கள். ஆண்களில் 55 வயதுக்குள், பெண்களில் 60 வயதுக்குள் யாருக்காவது மாரடைப்பு வந்ததா என்று எழுதி வையுங்கள்.

2. குதிகாலின் பின்நரம்பு தடித்திருந்தாலோ, விரல் முட்டியில் கெட்டியான தடிப்பு இருந்தாலோ, கண் இமையில் மஞ்சள் படலம் இருந்தாலோ, 45 வயதுக்குள் கருவிழியைச் சுற்றி வெளிறிய வளையம் தெரிந்தாலோ காட்டுங்கள்.

3. மேலே சொன்னவற்றில் ஒன்று இருந்தாலும், ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அரசு மருத்துவமனையிலோ கொலஸ்ட்ரால் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். ஒருவருக்கு இருப்பது தெரிந்தால், கூடப் பிறந்தவர்கள், பிள்ளைகள் எல்லோருக்கும் பார்க்க வேண்டும்.

4. கொதிப்பும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ளுங்கள். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வந்து பார்க்கிறார்கள். அவர்கள் வரும்போது "எனக்கு ஒன்றுமில்லை" என்று திருப்பி அனுப்பாதீர்கள்.

5. பீடி, சிகரெட், புகையிலை வேண்டாம். பலகாரம் சுட்ட எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்ச வேண்டாம்.

6. நெஞ்சில் பாரம், இடது கைக்கும் தாடைக்கும் பரவும் வலி, வியர்வை, மூச்சுத் திணறல் வந்தால் 'வாயு' என்று சோடா குடித்துக் காத்திருக்காதீர்கள். 108-க்குச் சொல்லுங்கள். 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டப்படி, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் முன் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகளைக் கொடுக்கிறார்கள்.

அன்பார்ந்த தம்பதிகளே, நம் குறிப்பேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதை நாம் தேர்ந்தெடுக்கவில்லை. அதில் எந்தப் பக்கம் அதிகமாகப் படிக்கப்படுகிறது என்பதில் நம் சாப்பாட்டுக்கும் நடைக்கும் பழக்கத்துக்கும் மருந்துக்கும் பங்கு இருக்கிறது. ஒரு வேளை இரத்தம் கொடுத்துப் பார்ப்பது பெரிய காரியம் அல்ல. நாற்பது வயதில் தகப்பனை இழக்காத பிள்ளைகள் அதற்காக உங்களை வாழ்த்துவார்கள். அடுத்த வாரம் இருவரும் சேர்ந்தே நிலையத்துக்கு வாருங்கள். காத்திருப்போம்.